தர்ப்பூசணியை வெட்டுதலும் பகிர்தலும்

(அங்கத்தினர் கல்விப் பகுதி)

மாசி பிறந்துவிட்டால் உத்திரமேரூர் வட்டாரத்துச் சாலையோரங்களில் கீற்றுக் கொட்டகைகள் முளைக்கின்றன. அவற்றின் கீழ் வைக்கோல் பரப்பி, பச்சை நிறத் தர்ப்பூசணிகளைக் குவித்து வைக்கிறார்கள். பங்குனி, சித்திரை மாதங்களில் வெயில் ஏற ஏற அக்குவியல்கள் கரைகின்றன. இப்பழத்தை வெட்டத் தெரியாதவர் யார், இதற்கு ஒரு பாடமும் வேண்டுமா என்று சிலர் வினவக்கூடும். வேண்டும் என்பதே எமது கருத்து. கத்தியை எடுத்து இரண்டாகப் பிளப்பது எளிதுதான். எனினும் பழுத்த பழத்தைத் தேர்ந்து, சுத்தமாக வெட்டி, அனைவருக்கும் சமமாகப் பங்கிட்டு, மிச்சத்தைக் கெடாமல் காத்து, தோலருகிலுள்ள பகுதியையும் வீணாக்காமல் பயன்படுத்தும் இல்லங்கள் சிலவே.

இதில் இல்லத்தின் நலன் மட்டும் அடங்கியிருக்கவில்லை. பயிரிட்டவரின் பிழைப்பும் அடங்கியிருக்கிறது. 2025-ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் தர்ப்பூசணி விவசாயிகளுக்கு நேர்ந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அதுபற்றிப் பின்னர் விரிவாகக் காண்போம். பழத்தின் இயல்பை அறிந்து வெட்டுகிறவர் வீண் வதந்திக்கு அஞ்ச மாட்டார். அவர் அஞ்சாதிருப்பதே உழவருக்குப் பாதுகாப்பு. இப்பாடத்தின் மையக் கருத்து இதுதான்.

1. பழத்தின் அமைப்பு

தர்ப்பூசணி வெள்ளரி, பூசணி, பாகல் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த கொடிப்பயிர். இதன் தாயகம் ஆப்பிரிக்கா. பண்டை எகிப்திய மன்னர் துட்டன்காமுனின் கல்லறையில் இதன் விதைகள் கிடைத்துள்ளன. சூடான் நாட்டின் கோர்டோஃபான் பகுதியில் விளையும் ஒரு வெண்சதைப் பழமே இதற்கு மிக நெருங்கிய உறவு என்று 2021-இல் வெளியான மரபணு ஆராய்ச்சி கூறுகிறது. ஈழத் தமிழர் இதனை வத்தகப்பழம் என்பர்.

பழத்தைக் குறுக்கே வெட்டினால் நான்கு பகுதிகளைக் காணலாம். வெளியே பச்சைத் தோல். அதற்கு உட்புறம் வெண்பகுதி. அதற்கும் உள்ளே சிவந்த சதை. நட்ட நடுவில் விதையற்ற நெஞ்சுப் பகுதி. விதைகள் நெஞ்சுப் பகுதியைச் சூழ்ந்து வரிசையாக அமைந்திருக்கும். இனிப்பு நடுவில் மிகுந்தும், தோலை நோக்கிச் செல்லச் செல்லக் குறைந்தும் இருக்கும். இந்த ஓர் உண்மையை நினைவில் வைத்துக்கொண்டால், வெட்டும் முறை முழுவதும் தானாகவே விளங்கிவிடும்.

சதையில் நூற்றுக்கு 91 அல்லது 92 பங்கு தண்ணீரே. 100 கிராம் சதையில் ஏறத்தாழ 6 கிராம் சர்க்கரையும், 8 மில்லிகிராம் வைட்டமின் சி சத்தும் உள்ளன; அது தரும் சக்தி 30 கலோரி அளவே. சிவப்பு நிறத்தைத் தருவது லைகோபீன் என்னும் இயற்கை நிறமி. தக்காளியைச் சிவக்கச் செய்வதும் இதுவே. இந்நிறமி கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. இதனையும் நினைவில் வைத்துக்கொள்க, பின்னர் உதவும்.

2. பழத்தைத் தேர்ந்தெடுத்தல்

மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் காயாகப் பறித்து வீட்டில் பழுக்க வைக்கலாம். தர்ப்பூசணியை அவ்வாறு செய்ய இயலாது. கொடியிலிருந்து அறுத்தபின் இதன் இனிப்புக் கூடுவதில்லை. ஆகவே வாங்கும்போதே முதிர்ந்த பழமாகப் பார்த்து வாங்க வேண்டும். அதற்கான அடையாளங்கள் வருமாறு:

முதலாவது, தரைபட்ட இடம். பழம் கொடியில் கிடந்தபோது மண்ணைத் தொட்டிருந்த பக்கத்தில் ஒரு வெளிறிய திட்டு இருக்கும். அது வெள்ளையாக இருந்தால் பழம் முற்றவில்லை. வெண்ணெய் நிறமாகவோ மஞ்சளாகவோ இருந்தால் முற்றியது. வாங்குவோர் பலர் இத்திட்டைக் குறையென்று கருதிப் பழத்தை ஒதுக்கிவிடுகின்றனர். உண்மையில் அதுவே பழம் தன் முதிர்ச்சிக்குத் தரும் சான்று.

இரண்டாவது, எடை. ஒரே பருமனுள்ள இரு பழங்களில் கனமானதே நீர் நிறைந்தது.

மூன்றாவது, ஓசை. விரலால் தட்டினால், முற்றாத பழம் கணீரென்றும் முற்றிய பழம் மந்தமாகவும் ஒலிக்கும். இதற்குப் பழக்கம் தேவை. ஓசையை மட்டும் நம்பி முடிவு செய்தல் கூடாது.

நான்காவது, தோலின் பளபளப்பு. முற்றிய பழத்தின் தோல் பளபளப்புக் குறைந்திருக்கும்.

பயிரிடும் அங்கத்தினர் வயலில் காண வேண்டிய அடையாளம் ஒன்றும் உண்டு. பழக்காம்புக்கு அருகில் கொடியிலுள்ள பற்றுச்சுருள் காய்ந்திருந்தால் பழம் அறுவடைக்கு ஆயத்தமானது எனக் கொள்ளலாம். வியாபாரியின் அவசரத்துக்காகச் சுருள் பச்சையாயிருக்கும்போதே அறுத்தால், அப்பழம் எந்த வீட்டிலும் இனிக்கப்போவதில்லை. ஒருமுறை ஏமாந்த இல்லம் மறுமுறை வாங்கத் தயங்கும்.

பழத்தின் பருமனைக் குடும்பத்தின் அளவுக்கேற்பத் தீர்மானிப்பது சிக்கனம். ஒரு பழத்தின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலும் வெண்பகுதியுமாகப் போய்விடும். உதாரணமாக, 6 கிலோ எடையுள்ள பழத்தில் சதை 4 கிலோ அளவே. ஆறு பேர் உள்ள குடும்பத்தில் அதனை ஒரே வேளையில் தீர்ப்பதாயின் ஆளுக்கு 650 கிராமுக்கு மேல் வரும், அது மிகை. 3 கிலோ பழமாயின் சதை 2 கிலோ, ஆளுக்கு 330 கிராம் அளவு, அதுவே போதுமானது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத இல்லங்கள் சிறிய பழத்தையே வாங்குதல் நலம். ‘சுகர் பேபி’ போன்ற கரும்பச்சைத் தோலுள்ள உருண்டை ரகங்கள் இதற்கு ஏற்றவை.

3. வெட்டுமுன் கழுவுதல்

தோலை உண்பதில்லையே, அதனை ஏன் கழுவ வேண்டும் என்று கேட்பார் பலர். பழம் விளைந்தது மண்ணிலும் மணலிலும். எரு இட்ட நிலத்தில் கிடந்து, பலர் கைபட்டு, வண்டியில் ஏறி இறங்கி, சாலையோரப் புழுதியில் குவிந்திருந்து அது நம் வீட்டுக்கு வருகிறது. கத்தி தோலை ஊடுருவிச் சதைக்குள் செல்லும்போது, தோல்மீதுள்ள அழுக்கையும் நுண்கிருமிகளையும் தன்னுடன் உள்ளே இழுத்துச் செல்கிறது. ஆகவே, முதலில் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். பின்னர் பழத்தை ஓடும் நீரில், அல்லது சொம்பால் நீர் வார்த்து, கையாலோ சுத்தமான தேங்காய் நாராலோ நன்கு தேய்த்துக் கழுவித் துணியால் துடைக்க வேண்டும். பழத்துக்குச் சோப்புத் தேவையில்லை.

கத்தியும் பலகையும் சுத்தமாயிருத்தல் அவசியம். மீன், இறைச்சி நறுக்கிய பலகையில் பழத்தை வெட்டலாகாது. சமைக்கும் பொருளிலுள்ள கிருமி அடுப்பில் அழியும். பச்சையாக உண்ணும் பழத்துக்கு அப்பாதுகாப்பு இல்லை.

நெசவாளர் இல்லங்களுக்கு ஒரு வார்த்தை. தறி இருக்கும் அறையில் பழத்தை வெட்டுதலும் உண்ணுதலும் வேண்டாம். சாறு பட்டுப்பாவில் தெறித்தால் கறை படியும். தரையில் சிந்தினால் எறும்பு சேரும். ஒட்டும் கையோடு இழையைத் தொட்டால் இழைகள் பிசிறும். திண்ணையிலோ முற்றத்திலோ உண்டு, கைகழுவித் துடைத்தபின் குழியில் இறங்குவதே முறை.

4. வெட்டும் முறை

பெரிய தர்ப்பூசணியை அரிவாள்மணையில் வைத்துப் பிளப்பது ஆபத்தானது. உருண்டைப் பழம் கைநழுவினால் கை அரிவாளில் விழும். நீண்ட கத்தியும் உறுதியான பலகையும் கொள்க. பலகைக்கு அடியில் ஈரத்துணி ஒன்றை மடித்து இட்டால் பலகை நகராது. சிறுவர் அருகில் நின்று கை நீட்டாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதற்படி: பழத்தைக் கிடத்தி, அடியில் வரவேண்டிய பக்கத்தில் தோலை மட்டும் மெல்லியதாக ஒரு சீவல் எடுத்துவிட வேண்டும். அப்பக்கத்தைப் பலகைமீது வைத்தால் பழம் உருளாது நிற்கும்.

இரண்டாம் படி: காம்புக்கும் பூமுனைக்கும் இடையே, இடுப்புப் பகுதியில், குறுக்கே வெட்டுக. கத்தியின் முனையை நடுவில் செருகி ஒரு பக்கம் அழுத்தி இறக்கி, பழத்தைத் திருப்பி மறுபக்கமும் இறக்குக. பழத்தைப் பிடிக்கும் கை, கத்தி செல்லும் வழியில் இருத்தல் ஆகாது. இவ்வாறு இரண்டு சம அரைக்கோளங்கள் கிடைக்கும். அவ்வேளைக்கு ஒரு பாதியே போதுமாயின், மற்றப் பாதியைத் தொடாமல் உடனே மூடிக் குளிரில் வைத்துவிடலாம்.

மூன்றாம் படி: ஒரு பாதியை எடுத்து, வெட்டுப்பக்கம் கீழே இருக்குமாறு கவிழ்த்து வைக்க. இப்போது அது கவிழ்த்த கிண்ணம்போல் அசையாது நிற்கும். உச்சியின் நடுவழியே கத்தியை இறக்கி இரண்டாக்குக, மீண்டும் உச்சி வழியே குறுக்காக இறக்கி நான்காக்குக, தேவையானால் எட்டாக்குக. ஒவ்வொரு வெட்டும் உச்சியின் நடுவைத் தொட்டே செல்ல வேண்டும்.

இம்முறையில் வரும் ஒவ்வொரு துண்டும் ஆப்புவடிவில் இருக்கும். அதன் கூரிய விளிம்பு பழத்தின் நெஞ்சுப் பகுதி. அகன்ற பக்கம் தோல். எனவே, எந்தத் துண்டை எடுத்தாலும் இனிப்பான பகுதியும் இனிப்புக் குறைந்த பகுதியும் ஒரே அளவில் இருக்கும்.

விதையை நீக்க விரும்பினால், துண்டின் பக்கவாட்டில் விதைகள் ஒரே வரிசையாகத் தெரிவதைக் காணலாம். அவ்வரிசை வழியே கத்தியை ஓட்டி, மேற்பகுதியை எடுத்தால் விதைகள் வெளிப்படும். அவற்றைக் கத்திமுனையால் தள்ளிவிடலாம். சிறு குழந்தைகளுக்கும் பல் இல்லாத முதியோருக்கும் இவ்வாறு விதை நீக்கிச் சிறு துண்டுகளாக்கிக் கொடுப்பது அவசியம். விதை தொண்டையில் சிக்கும் அபாயம் குழந்தைகளுக்கு உண்டு.

5. பங்கிடும் முறை

வீடுகளில் வழக்கமாக நடப்பது யாது? பழத்தைப் பிளந்ததும் நடுவிலுள்ள சிவந்த கட்டியைத் தோண்டி விருந்தினருக்கோ வீட்டுத் தலைவருக்கோ கொடுக்கிறார்கள். அடுத்த பகுதி பிள்ளைகளுக்கு. தோலை ஒட்டிய வெளிறிய பகுதி, கத்தி பிடித்து வெட்டிய பெண்ணுக்கு எஞ்சுகிறது. சில நாட்களில் அதுவும் எஞ்சுவதில்லை. இதனை எவரும் தீய எண்ணத்தோடு செய்வதில்லை. வெட்டும் முறையே இவ்வேற்றுமையை உண்டாக்கிவிடுகிறது. மேலே கூறியவாறு உச்சிவழியே வெட்டினால், வேற்றுமைக்கு இடமே இல்லை. நியாயம் கத்தியிலேயே அமைந்துவிடுகிறது. கொடுப்பவரின் தயவை எவரும் எதிர்நோக்க வேண்டியதில்லை.

இது நமக்குப் புதிய தத்துவமன்று. உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழர் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, உள்ளன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைக் குடவோலை மூலம் தேர்ந்தெடுத்த முறையும், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர இயலாது என்ற விதியும் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. நல்லவர் கிடைப்பார் என்று நம்பியிருந்துவிடாமல், முறையையே நேர்மையாக அமைத்தார்கள் அவ்வூரார். கூட்டுறவுச் சங்கத்தில் லாபப் பங்கீட்டுக்கு விதி வகுத்திருப்பதும் இக்காரணம் பற்றியே. வீட்டில் ஒரு பழத்தைப் பங்கிடும் கத்திக்கும் அதே இலக்கணம் பொருந்தும்.

நெசவாளர் சங்கம் ஒன்றின் பேரவைக் கூட்டத்தில் ஒருமுறை இம்முறையைச் செய்து காட்டினோம். துண்டுகள் தட்டில் வந்தபோது முதியவர் ஒருவர், “எதை எடுத்தாலும் ஒன்றாய் இருக்கிறதே, தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது?” என்றார். பங்கீடு சரியாக நடந்ததற்கு அதைவிடச் சிறந்த தணிக்கைச் சான்று வேறில்லை.

பரிமாறும்போது சர்க்கரை சேர்க்க வேண்டுவதில்லை. ஒரு சிட்டிகை உப்பும் மிளகுத்தூளும் தூவினால் சுவை எடுப்பாகும். விரும்புவோர் எலுமிச்சைச் சாறும் பிழியலாம். சாறாக்குவதாயின் வடிகட்டாமல் பருகுவது நல்லது. நீரிழிவு உள்ளவர் அளவறிந்து உண்ண வேண்டும். சிறுநீரகக் கோளாறுக்காகப் பொட்டாசியம் கட்டுப்பாட்டில் இருப்போர் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.

6. வெட்டிய பழத்தைக் காத்தல்

முழுப் பழத்தை நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் சில நாட்கள் வைத்திருக்கலாம். வெட்டிய கணம் முதல் நிலைமை மாறிவிடுகிறது. எலுமிச்சை, புளி போன்றவற்றின் புளிப்பு கிருமிகள் பெருகுவதைத் தடுக்கும். தர்ப்பூசணியில் அத்தகைய புளிப்பு இல்லை. நீரும் சர்க்கரையும் நிறைந்துள்ளன. ஆகவே கிருமிகள் இதில் விரைவாகப் பெருகும்.

வெட்டிய துண்டுகளை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைத்திருத்தல் கூடாது. வெப்பம் 32 டிகிரி செல்சியஸைக் கடந்த நாட்களில் 1 மணி நேரமே எல்லை. நம் பகுதியின் கோடையில் பகற்பொழுதெல்லாம் அவ்வெப்பத்தைக் கடந்ததே என்பதால், 1 மணி நேரக் கணக்கையே கைக்கொள்வது உத்தமம். குளிர்சாதனப் பெட்டியில், மூடிய பாத்திரத்தில், 5 டிகிரிக்கு உட்பட்ட குளிரில் 3 நாட்கள் வரை வைக்கலாம். நுரைத்தாலோ, வழுவழுத்தாலோ, புளித்த வாடை வீசினாலோ எறிந்துவிட வேண்டும். துண்டு நன்றாகத் தோன்றுகிறது என்பதற்காகக் காலக்கணக்கை மீறுதலும் கூடாது. நோய்க்கிருமி இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

சாலையோரத்தில் மூடாமல் அடுக்கியுள்ள துண்டுகளை வாங்குவதிலும், முழுப் பழத்தை நம் எதிரே வெட்டித் தரச் சொல்லி வாங்குவதே நலம். மீன் பதப்படுத்தும் ஐஸ் கட்டியின்மேல் வைத்த பழத்தையும், அந்த ஐஸைப் போட்ட சாற்றையும் தவிர்க்க வேண்டும்.

7. வெண்பகுதியும் விதையும்

மூன்றில் ஒரு பங்கு எடையைக் காசு கொடுத்து வாங்கிக் குப்பையில் இடுவது சிக்கனமாகாது. பச்சைத் தோலைச் சீவிவிட்டு வெண்பகுதியைத் துண்டாக்கினால், சுரைக்காய், வெள்ளைப் பூசணி ஆகியவற்றைப்போலவே பாசிப்பருப்புடன் கூட்டாகச் சமைக்கலாம். சாம்பாரிலும் மோர்க்குழம்பிலும் இடலாம். துருவி அரிசியோடு அரைத்துத் தோசையாக வார்க்கலாம். இதற்காகப் பழத்தை உண்ணும்போது கடித்த தோலை எடுத்தலாகாது. உண்ணுமுன்பே வெண்பகுதியைத் தனியே சீவி வைத்துக்கொள்ள வேண்டும். விதைகளைக் கழுவி வெயிலில் உலர்த்தி, உப்பிட்டு வறுத்து உண்ணலாம். எஞ்சிய பச்சைத் தோல் மாட்டுக்கோ எருக்குழிக்கோ பயன்படும். ஆனால் வீரிய ஒட்டு ரகத்தின் விதையை எடுத்து மறுபடி விதைத்தால் அதே குணமுள்ள பழம் வராது என்பதை விவசாயிகள் நினைவில் கொள்க.

8. நிறம் ஏற்றிய பழமா?

இனி, முதலில் குறிப்பிட்ட செய்திக்கு வருவோம். 2025 மார்ச் மாதத்தில், தர்ப்பூசணியில் ஊசி மூலம் செயற்கை நிறம் ஏற்றுகிறார்கள் என்ற எச்சரிக்கையும், அதையொட்டிய காட்சிகளும் தமிழ்நாடெங்கும் கைபேசிகள் வழியே பரவின. அறுவடை உச்சத்தில் இருந்த வேளை அது. வாங்குவோர் பின்வாங்கினர், விலை சரிந்தது, அறுவடைக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று விவசாயிகள் பலர் பழங்களை வயலிலேயே விட்டனர். பின்னர் அரசுத் தரப்பில் விளக்கங்கள் வெளிவந்தன. ஆயினும் போன பருவம் மீளவில்லை. தர்ப்பூசணி விதைத்த 70 முதல் 90 நாட்களில் அறுவடைக்கு வரும் பயிர். முற்றிய பழம் கொடியில் சில நாட்களே காத்திருக்கும். நெல்லைப்போல் களஞ்சியத்தில் இட்டு, விலை வரும்வரை பொறுத்திருக்க இயலாது. இரண்டு வாரப் பயம் ஓர் ஆண்டு வருமானத்தை விழுங்கிவிடும்.

பழத்தின் அமைப்பை அறிந்தவர் இதனைத் தாமே ஆராய்ந்து பார்க்கலாம். தர்ப்பூசணியின் சதை பஞ்சுபோல் உறிஞ்சிப் பரப்பும் பொருளன்று. எண்ணற்ற உயிரணுக்களால் ஆனது. ஊசியால் செலுத்திய சாயம் செலுத்திய இடத்திலேயே திட்டாகத் தேங்கும். பழம் முழுவதும் ஒரே சீராகப் பரவாது. ஊசி சென்ற வழியில் வெண்பகுதியும் நிறமேறிக் காட்டிக்கொடுக்கும். மேலும், தோலில் துளை விழுந்த பழம் கோடை வெப்பத்தில் விரைவில் நுரைத்து அழுகிவிடும். கிலோ கணக்கில் மலிவாக விற்கும் பழத்துக்கு இத்தனை பாடுபட்டு இத்தனை நட்டத்தை ஏற்கும் வியாபாரி அரியவர்.

பஞ்சால் துடைத்தால் சிவக்கிறது என்பதைச் சிலர் சான்றாகக் கொள்கின்றனர். நல்ல பழத்தின் சாறும் பஞ்சை இளஞ்சிவப்பாக்கும். அதற்கு மேலான சோதனை ஒன்று உண்டு. கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீர் எடுத்து ஒரு துண்டை இட்டுப் பார்க்க. லைகோபீன் நீரில் கரையாது என்று முன்பே கூறினோம். ஆகவே நல்ல பழமாயின் நீர் சற்றுக் கலங்கி, சதைத் துணுக்குகள் மிதக்கும் அல்லது படியும். நீரில் கரையும் சாயம் கலந்திருந்தால் பளிச்சென்ற நிறம் உடனே நூலிழைபோல் பிரிந்து நீர் முழுவதும் பரவும். ஐயம் எழுந்தால் அப்பழத்தை உண்ணாமல் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் ஒப்படைத்து, ஆய்வகச் சோதனைக்குக் கேட்பதே முறை. முடிவு வருமுன் பிறருக்குச் செய்தி பரப்புதல் அண்டை வயலுக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும்.

இயற்கையான சில தோற்றங்களையும் மக்கள் கலப்படமென்று மயங்குகின்றனர். நடுவில் பிளந்து வெடிப்பு இருத்தல், மகரந்தச் சேர்க்கைக் குறைவாலும் வளர்ச்சியின் ஏற்றத்தாழ்வாலும் நேர்வது. இப்பயிரில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே பூப்பதால், தேனீக்கள் பலமுறை வந்து செல்லாவிடில் பழம் சரிவர உருவாவதில்லை. வெளிறிய நரம்புகள் தெரிவதும் கேடு அன்று. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘அர்கா மாணிக்’ முதலிய ரகங்களில் சதை இயல்பாகவே ஆழ்ந்த சிவப்பு. செயற்கையாகப் பழுக்க வைத்தார்கள் என்ற அச்சமும் இப்பழத்துக்குப் பொருந்தாது. பறித்தபின் இனிப்பேறாத பழத்தை அவ்வாறு செய்வதில் எவருக்கும் பயனில்லை.

9. சங்கங்கள் செய்யக்கூடியவை

உத்திரமேரூர், மதுராந்தகம், செய்யூர், திண்டிவனம், மரக்காணம் பகுதிகளில் பயிரிடுவோரும், காஞ்சிபுரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் தறி நெய்வோரும் ஒரே வெயிலில் உழைக்கின்றனர். ஒருவரிடம் பழம் உண்டு. மற்றவருக்குத் தாகம் உண்டு. இடையே இருக்கும் தூரம் சில பத்து மைல்களே. பருவ காலத்தில் நெசவாளர் சங்கம் தன் அங்கத்தினரின் தேவையை முன்கூட்டிக் கேட்டறிந்து, விவசாயிகள் சங்கத்திடம் எடைக்கு விலை பேசி, வாரம் ஒருமுறை ஒரு வண்டிச் சரக்கைத் தருவிக்கலாம். உழவருக்கு விற்பனை உறுதி; நெசவாளருக்கு நியாய விலை. பயிரிடுவோர் சற்றுக் காம்பு விட்டு அறுத்து, எடைவாரியாகப் பிரித்து, வெடித்ததையும் முற்றாததையும் ஒதுக்கி அனுப்ப வேண்டும். பழம் வந்திறங்கும் நாளில் ஒன்றை அங்கத்தினர் முன்னிலையில் கழுவி வெட்டி, தம்ளர் சோதனையையும் செய்து காட்டிப் பங்கிடலாம். அந்த ஒரு பழத்தின் செலவு, அடுத்து வரும் புரளியைத் தடுக்கும் காப்பீட்டுத் தொகை என்று கருதுக.

10. படிப்பு வட்டத்தில் விவாதிக்க

1) நமது இல்லத்தில் தர்ப்பூசணியின் நெஞ்சுப் பகுதி யாருக்குச் செல்கிறது? வெட்டியவருக்கு எஞ்சுவது என்ன?

2) தோலை உண்ணாதபோதும் அதனைக் கழுவுவதன் காரணம் யாது?

3) நமது குடும்பத்துக்கு ஒரு வேளைக்கு எத்தனை கிலோ பழம் போதும்? கணக்கிட்டுக் காட்டுக.

4) ஓர் உணவுப் பொருளைப் பற்றிய அச்சமூட்டும் செய்தி கைபேசியில் வந்தால், அதனைப் பிறருக்கு அனுப்புமுன் செய்ய வேண்டியவை எவை?

5) பருவத்தில் நம் சங்கம் வாரந்தோறும் எத்தனை பழங்களை நேரடியாகக் கொள்முதல் செய்ய இயலும்?

ஐந்தாவது வினாவுக்குரிய விடையைச் சங்கச் செயலாளர்கள் தை மாதத்துக்குள் எழுத்து மூலமாகத் தயாரித்துக்கொண்டால், மாசியில் பேச்சுவார்த்தைக்குத் தாமதம் நேராது.